மஞ்சள் நாடா ஒட்டிய பாட்டில்கள்

சோப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நிறையப் போட்டால் நிறையச் சுத்தமாகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அளவுக்கு மேல் போட்ட சோப்பு கண்ணாடி பாட்டிலின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொள்ளும். அதைப் போக்குவதற்கு அப்புறம் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு மூடி சோப்பு, வெந்நீர், நீளக் காம்பு வைத்த பிரஷ், பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசல். கடைசியில் சூடான பெட்டியில் வைத்துக் காயவிட்டு, பாட்டிலின் வாயை வெள்ளித் தாளால் மூடிவிட வேண்டும். என் வேலை இவ்வளவுதான். இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எத்தனை படித்தவர்கள் இருந்தாலும் அத்தனை பேருக்கும் நான் கழுவிக் கொடுத்த பாட்டிலில்தான் வேலை தொடங்குகிறது.

நீங்கள் சாரைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அவர் பாப்பாவை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினாரா, அதைத் தாங்காமல்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்துகொண்டாளா என்று கேட்டீர்கள். இல்லை. சார் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. அவருடைய வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று, சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோர் அக்கா சொன்னாள். ஒருவர் மேல் வீண் பழி விழுவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன். வாயால் சொன்னால் கேட்பவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி எழுதிக்கொள்வார்கள் என்று, உங்களிடம் காகிதம் வாங்கி நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்து எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தது. அதுவரைக்கும் மூட்டை இறக்கினேன், செங்கல் சுமந்தேன், கிடைத்த வேலையெல்லாம் செய்தேன். இங்கே எனக்கு முன்னால் கழுவிக்கொண்டிருந்தவர் படிக்கத் தெரியாமல் இரண்டு பாட்டில்களை மாற்றி ஊற்றிவிட்டார். அவருக்கு ஒரு கண் போனது. லேபிள் படிக்கத் தெரிந்தவன்தான் வேண்டும் என்று சொன்னார்கள். நான் இராப்பள்ளிக்குப் போய் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

பாப்பா என்று நான் சொல்வது சாரிடம் ஆராய்ச்சிக்கு வந்த பெண்ணை. என் மகள் வயது இருக்கும். முதல் வாரத்திலேயே என்னைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "எங்க பெரியப்பாவும் உங்களை மாதிரியேதான், எதைக் கேட்டாலும் முதல்ல ஒரு முறை முறைப்பாரு" என்றாள்.

அவள் என்ன வேலை செய்தாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவள் புரியவைத்தது கழுவும் அறையில், என் தொட்டி நுரையை வைத்துத்தான்.

"பெரியப்பா, இந்த நுரையில என்ன சாயம் ஊத்துனீங்க?"

"சாயமா? சோப்புத்தான் ஊத்துனேன்."

"அப்புறம் எப்படிப் பச்சை தெரியுது, ஊதா தெரியுது?"

"நிஜமாவே தெரியாமக் கேக்கறியா, என்னை மடக்கக் கேக்கறியா?"

சிரித்தாள். நுரையின் தோல் அவ்வளவு மெல்லிசாம். அதன் மேல்பக்கம் பட்ட வெளிச்சமும் அடிப்பக்கம் பட்ட வெளிச்சமும் திரும்பி வரும்போது ஒன்றோடொன்று கலந்து நிறமாகிவிடுகிறதாம். சாயமே இல்லாமல், வெறும் இடைவெளியால் வந்த நிறம். அவளும் அதைத்தான் செய்யப் பார்க்கிறாள். தங்கத்தைத் தூசியைவிடப் பல மடங்கு பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டு, அந்தத் துகள்களை வரிசை பிசகாமல் அடுக்க வேண்டும். எவ்வளவு இடைவெளியில் அடுக்குகிறாளோ அதற்குத் தக்க நிறம் வரும். வெளிச்சத்தை நாம் சொன்ன பக்கம் திருப்புகிற பொருளாகவும் அதைச் செய்துவிடலாம் என்றாள்.

"அவ்வளவு பொடிசை எந்தக் கையால அடுக்குவே?"

"கையே வேணாம். நூல் அடுக்கும்."

நம் உடம்புக்குள் இருக்கிற அதே டி.என்.ஏ.தானாம் அந்த நூல்; இது இயந்திரத்தில் செய்து சின்னக் குப்பிகளில் வருவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கென்றே ஒரு ஜோடி உண்டு. தங்கத் துகள்கள் மேல் நூலை முளைக்கவிட்டு, உப்புத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் எல்லாம் பிரிந்து அலையும். மெதுவாக, மிக மெதுவாக ஆறவிட்டால் ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும்போது தங்கத்தையும் இழுத்து வந்து வரிசையில் நிறுத்திவிடும்.

"அப்ப நீ கல்யாணத் தரகர்னு சொல்லு."

"தரகரே இல்லாத கல்யாணம் பெரியப்பா. தானாச் சேந்துக்கும்."

"தானாச் சேந்தா வீட்ல ஒத்துக்குவாங்களா?"

அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் ஸ்டோர் அக்கா எட்டிப் பார்த்து, "வேலை நடக்குதா, கூத்து நடக்குதா இங்க?" என்று கேட்டாள்.

கையுறை விஷயத்தையும் அவள்தான் சொன்னாள். ஒரு நாள் அவளுடைய குப்பி மேசை ஓரத்தில் உருண்டது. விழுந்துவிடப் போகிறதே என்று வெறுங்கையால் பிடித்துவிட்டேன். "ஐயோ, தொடாதீங்க" என்று கத்திவிட்டாள். பிறகு அவளுக்கே சங்கடமாகி, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். "உங்க கைன்னு இல்ல பெரியப்பா. என் கையும் அப்படித்தான். எல்லார் வேர்வையிலயும் எச்சில்லயும் ஒண்ணு இருக்கு, அது இந்த நூலைக் கடிச்சுத் தின்னுடும். ஒரு விரல் பட்டாப் போதும், என் வேலை மொத்தமும் காலி."

நான் என் விரலைப் பார்த்தேன். எத்தனையோ சுமை தூக்கிய கை. இந்தக் கை பட்டால் ஏதோ ஆகிவிடும் என்று யாரும் அதுவரை பயந்ததில்லை. அன்றைக்கு அவள் பயந்தாள். அது எனக்குப் புதிதாக இருந்தது. அவ்வளவுதான், அன்றைக்கு வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

ஆரம்பத்தில் அவளுக்கு எதுவும் சரியாக வரவில்லை. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. உப்பு கூடிவிடும், சூடு சீக்கிரம் இறங்கிவிடும், ஏதாவது ஒன்று. பொடித் தங்கம் மிதக்கிற தண்ணீர் சிவப்பாகத்தான் இருக்கும்; நூல் சேர்ந்தால் அது ஊதாவாக மாறி அடியில் பொடியாகப் படியும். சேராவிட்டால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். சிவப்பாக இருந்த நாட்களில் அவள் நேராகக் கழுவும் அறைக்கு வருவாள். கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்து, "ஊத்திக்கிச்சு பெரியப்பா" என்பாள். "ஊத்திக்கிட்டா என்ன, கழுவிடலாம், குடு" என்று சொல்லி டீ போட்டுத் தருவேன். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பேசுவாள். அம்மா போனில் என்ன சொன்னாள், அக்காவுக்கு மசக்கை எப்படி இருக்கிறது, இந்த வருடக் கடைசிக்குள் நல்லதாக ஒன்று காட்டாவிட்டால் சார் அவளை வைத்திருக்க முடியாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான், எல்லாம் சொல்வாள். சாரைப் போலவே தலையைச் சாய்த்து, "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று நடித்துக் காட்டுவாள்.

எனக்கு வீட்டில் பேச ஆள் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மனைவி இருக்கிறாள், நல்லவள், சமையலும் நன்றாக இருக்கும். நாங்கள் பேசிக்கொள்ளாமலும் இல்லை. ஆனால் யாரும் தங்களுடைய தோல்வியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்ததில்லை. அது வேறு மாதிரியான மரியாதை.

அப்புறம் ஒரு நாள் அவளுக்கு நிறம் வந்தது. தண்ணீரில் படிந்த பொடியைக் கண்ணாடித் துண்டுக்குள் உறையவைத்து விளக்கடியில் பிடித்தால், ஒரு பக்கம் சாய்த்தபோது பச்சையாகவும் மறுபக்கம் சாய்த்தபோது செம்பு நிறமாகவும் மின்னியதாம். ஆமாம், "மின்னியதாம்." எனக்கு அதை யாரும் காட்டவில்லை. எல்லோரும் ஓடுகிற சத்தம் கேட்டது, கைதட்டல் கேட்டது. டீ போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கழுவும் அறை வாசலைத் தாண்டித்தான் ஓடினாள். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அவள் வரவில்லை. அவளோடு வேலை செய்யும் நெட்டையனோடு நடைபாதையில் பேசிக்கொண்டே போவாள். என்னைக் கண்டால், "அப்புறம் வரேன் பெரியப்பா" என்பாள். ஸ்டோர் அக்கா கேலி செய்தாள். "என்ன, உங்க பொண்ணு பெரிய மனுஷியாயிட்டா போல. இனிமே நம்ம பக்கம் எல்லாம் வருவாளா?"

"வேலை இருக்கும்" என்றேன்.

கோபம் வந்தது என்று எழுதமாட்டேன், ஏனென்றால் வரவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். கெட்டுப்போன நாட்களில் அவள் வந்தாள். நன்றாக வந்த நாட்களில் வரவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஒவ்வொருவருடைய பாட்டில்களிலும் ஒரு நிற நாடா ஒட்டியிருக்கும், மாறிவிடக் கூடாது என்பதற்காக. அவளுடையது மஞ்சள், நெட்டையனுடையது நீலம். அவள் உப்புத் தண்ணீர் கலக்கும் மஞ்சள் பாட்டில்களைக் கழுவி, சூட்டுப் பெட்டியில் காயவைத்து எடுத்தேன். ஆறியதும் இடது கைக் கையுறையைக் கழற்றினேன். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து எடுத்து, பாட்டில் வாயின் உள்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினேன். வெள்ளித் தாளால் மூடிக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோலத்தான் இருந்தது. ஒன்றும் உடையவில்லை, கொட்டவில்லை, நாற்றம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் வந்து பெட்டியில் உட்கார்ந்தாள். "ஊத்திக்கிச்சு பெரியப்பா."

டீ அன்றைக்கு நன்றாக அமைந்திருந்தது.

நான் எப்போதும் கெடுத்துக்கொண்டே இருந்தேன் என்று நினைக்காதீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. நடுநடுவே நன்றாக வரவிட்டேன். ஒரேயடியாகக் கெட்டுக்கொண்டே போனால் யாராக இருந்தாலும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு தடவை வந்துவிட்டால், அடுத்த தடவையும் வரும் என்று உட்கார்ந்துவிடுவார்கள். அவள் முகம் எப்போது ரொம்பவும் வாடுகிறதோ அப்போது ஒரு தொகுதி பாட்டிலைச் சுத்தமாகக் கொடுப்பேன். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வரும். பிறகு மறுபடியும்.

அவள் முட்டாள் இல்லை. ஒரு நாள் டீ குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"பெரியப்பா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"பாட்டில்ல ஏதாவது... கழுவும்போது உங்களையும் அறியாம கை ஏதாவது பட்டிருக்குமா?"

கையுறையைக் கழற்றித் தொட்டி ஓரத்தில் வைத்தேன். "என் மேலயே சந்தேகம் வந்துடுச்சா பாப்பா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். அவள் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இல்ல பெரியப்பா, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு, மன்னிச்சுடுங்க" என்று அழுதாள். மன்னித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அவள் கேட்பதை நிறுத்தினாலும் சார் விடவில்லை. குறை எங்கே என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்றார். அவருடைய யோசனை நியாயமானதுதான். பாப்பாவின் நூலை எடுத்து, பாப்பாவின் மஞ்சள் பாட்டில்களில், நெட்டையன் செய்ய வேண்டும். அதே நூலை எடுத்து, நெட்டையனின் நீலப் பாட்டில்களில் பாப்பா செய்ய வேண்டும். ஒரே இயந்திரத்தில் ஒரே நேரத்தில் சூடாக்கி ஆறவிட வேண்டும். பாட்டிலில் குறை என்றால் மஞ்சளில் கெடும். கையில் குறை என்றால் பாப்பாவிடம் கெடும். இதை எல்லோரும் நின்றுகொண்டு பேசியபோது நானும் அங்கேதான் இருந்தேன். இரண்டு தொகுதிப் பாட்டிலையும் தயார் செய்யச் சொல்வதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போகும்போது பாப்பா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நல்லபடியா கழுவித் தாங்க பெரியப்பா என்று அர்த்தம்.

அந்தத் தடவை மஞ்சளை நான் தொடவில்லை. நீலத்தில் விரலை வைத்தேன்.

இயந்திரம் ஆறி முடிந்த காலையில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நானும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். நெட்டையனின் குப்பியில் ஊதாப் பொடி அழகாக அடியில் படிந்திருந்தது. பாப்பாவின் குப்பி சிவப்பு. நெட்டையன்தான், பாவம், ஏதோ சமாதானம் சொல்ல நினைத்து, "என் பாட்டில்ல ஏதாவது இருந்திருக்கும்" என்றான். அவன் பாட்டிலில் அதுவரை ஒன்றும் கெட்டதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சார் மெதுவாகச் சொன்னார். "உன் மேல தப்புன்னு சொல்லலம்மா. சில பேர் தோல்ல, நூலைக் கெடுக்கிற அது கொஞ்சம் அதிகமா இருக்கலாம். கையுறை மாட்டும்போதே வெளிப்பக்கம் பட்டுடுதோ என்னமோ. வருஷக் கடைசி வரைக்கும் பாக்கலாம்மா, பாக்கலாம்."

ஸ்டோர் அக்கா மட்டும் என்னிடம் தனியாகச் சொன்னாள். "சாருக்குச் சொல்லத் தெரியல. இதுக்குப் பேருதான் கைராசி. சில பேர் தொட்டா விளங்காது." இதை அவள் பாப்பாவிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அடுத்தவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் தினமும் கழுவும் அறைக்கு வந்தாள். டீக்காக இல்லை, கை கழுவுவதற்காக. முதலில் சோப்பு. அப்புறம் பிரஷ். அப்புறம் மேசை துடைக்கிற ப்ளீச்சிங் தண்ணீர் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். அது அந்த நூல் தின்னியைக் கொன்றுவிடும், உண்மைதான். கொடுத்தேன். குளிர்ந்து கிடக்கிறதே என்று சுடவைத்த தண்ணீர் கலந்து கொடுத்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருக்கும். "எரியுதா?" என்று கேட்பேன். "எரிஞ்சாத்தான் போகுதுன்னு அர்த்தம்" என்பாள். நெட்டையன் ஒரு தடவை அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போகப் பார்த்தான். அவள் கையை உதறிக்கொண்டு, "என்னைத் தொடாதே, உன்னுதும் கெட்டுடும்" என்றாள். அவன் அதற்குப் பிறகு ஒதுங்கிக்கொண்டான். மற்றவர்களும்தான். சாப்பிடும்போதுகூட அவள் தனியாக உட்கார்ந்தாள். என் அறையில் மட்டும்தான் பேசினாள். பாதி நாள் பேச்சு முழுவதும் அவள் கையைப் பற்றியே இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

தங்கம் வைத்து வேலை செய்த குடுவைகளைச் சோப்பால் கழுவ முடியாது. தங்கம் சுவரில் ரோஜா நிறக் கறையாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கென்று ஓர் அமிலம் கலப்போம். தங்கத்தையே கரைத்துவிடும். புகை போகிற அலமாரிக்குள், கண்ணாடிக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டுத்தான் அந்தத் தொட்டியில் வேலை செய்ய வேண்டும். வேலை நிற்கும்போது கதவை முழுவதும் இறக்கிவிட வேண்டும். இது எனக்குக் கற்றுத்தந்த முதல் விதி. அதுவரை அதை நான் மீறியதே இல்லை.

அன்றைக்கு அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அன்று கலக்கி வைப்பது சரியாக வந்தால் சார் மேலிடத்தில் காட்டி இன்னொரு வருடம் வாங்கித் தருவார், வராவிட்டால் வீடு. இரவெல்லாம் தூங்காத முகத்தோடு வந்து என் பக்கத்தில் நின்று, குடுவையின் கறை கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல போட்டா எதுவுமே மிஞ்சாதா பெரியப்பா?"

"ஒண்ணும் மிஞ்சாது."

"நூலைத் தின்னுமே, அது?"

"அதெல்லாம் எம்மாத்திரம். தங்கமே போயிடுது."

அவள் கையுறையைக் கழற்றினாள். முதலில் வலது, பிறகு இடது. கழற்றியதை மடித்து மேசையில் வைத்தாள். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அவளை ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். கதவையாவது இறக்கியிருக்கலாம், இறக்குவதற்கு ஒரு விரல் போதும். அவள் இன்னொரு வருடம் வாங்கிவிட்டால், அப்புறம் பட்டம், அப்புறம் வேறு ஊர், அப்புறம் என்னை யார் என்று கேட்பாள். கை போய்விட்டால் அவளுக்கு இங்கே வேலை எதுவும் கிடையாது, ஆனால் எதிர்பார்த்து ஏமாறுவதும் இனி இருக்காது என்று தோன்றியது. கதவை முழுவதும் இறக்காமல் அப்படியே விட்டுவிட்டு, காய்ந்த பாட்டில்களை அடுக்குவதற்காக அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

பின்னால் கேட்ட சத்தத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கட்டடம் முழுவதும் கேட்டது.

அவளை இழுத்து, குழாயைத் திறந்து, கைகளைத் தண்ணீரில் பிடித்து வைத்தவனும் நான்தான். மற்றவர்கள் ஓடி வந்தபோது அப்படித்தான் எங்களைப் பார்த்தார்கள். தாமதிக்காமல் தண்ணீரில் பிடித்ததால் மணிக்கட்டுக்கு மேலே பரவவில்லை என்று டாக்டர் சொன்னாராம். அறிவிப்புப் பலகையில் என் படத்தை ஒட்டினார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் முழுவதும் சொல்வது என்று உட்கார்ந்த பிறகு ஒன்றை மறைப்பது சரியில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்து அவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தாள். "அண்ணே, அவ யார்கிட்டயும் பேச மாட்டேங்கறா. உங்களை மட்டும்தான் கேக்கறா. ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றாள். போனேன். அதிலிருந்து ஞாயிறுதோறும் போகிறேன். வீடு சின்னது, சுத்தமாக இருக்கும். ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் மடங்கி இருக்கின்றன. டீயை நான்தான் புகட்டுகிறேன்.

போன மாதம் அவளுடைய அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். அவள் நினைத்தது நல்லதற்குத்தான். "சித்தியைப் பாருடி செல்லம்" என்று கொஞ்சிக்கொண்டே குழந்தையைப் பாப்பாவின் மடியில் வைத்துவிட்டாள். பாப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். "எடுத்துடு. எடுத்துடு அக்கா. என் கை பட்டுடும்" என்று கெஞ்சினாள். குழந்தை அழுதது. அக்காவும் அழுதாள்.

அவள் அம்மா என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போனாள். "அண்ணே, நாங்க சொன்னா அவளுக்கு ஏறாது. டாக்டர் சொல்லியும் கேக்கல. அங்க நடந்தது எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அவ கையில ஒரு குத்தமும் இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால கேட்டா நம்புவா. அந்தக் குழந்தையை ஒரு தடவை தூக்கிட்டான்னா போதும், பொழைச்சுக்குவா."

"சரிம்மா" என்றேன்.

உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் போர்வைக்குள் மறைத்திருந்தாள்.

"பெரியப்பா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உண்மையைச் சொல்லுங்க. என் கைதானே?"

கதவுக்குப் பின்னால் அவள் அம்மாவும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து அவள் காதருகில் சொன்னேன்.

"ஆமா பாப்பா. உன் கைதான். அதனால என்ன? பெரியப்பா இருக்கேன்ல."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். வெளியே வந்து, சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கும்பிட்டாள். குழந்தையை இப்போதெல்லாம் அந்த வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

ஆகவே சார் மேல் ஒரு குற்றமும் இல்லை. நெட்டையன் மேலும் இல்லை. பாட்டிலில் விரல் வைத்தது நான், கதவை இறக்காதது நான், அவள் கேட்டபோது ஆமாம் என்று சொன்னதும் நான். எனக்கு என்ன தண்டனை என்பதை நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். நான் மறுத்துப் பேச மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் காகிதத்தில் உள்ளதை அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். உலகத்தில் அவள் இன்னும் நம்புவதற்கு என்று மிச்சமிருப்பது நான் ஒருவன்தான். அதையும் அவளிடமிருந்து பறிக்கிற அளவுக்கு யாருக்கும் கல்மனசு இருக்கக் கூடாது.